ஏரிக்கு அக்கரையில் ஒரு வீடு

மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று நம் மன்றச் செயலாளர் மூன்று முறை என் அறைக் கதவைத் தட்டிவிட்டார். நிலவியல் படிக்கிறவன் எதை எழுதுவது? கல்லையும் மண்ணையும் பற்றி எழுதினால் அச்சுப் பிழை திருத்துகிறவரைத் தவிர வேறு யாரும் படிக்கமாட்டார்கள். ஆகவே கல்லைத் தேடிப் போன இடத்தில் நான் கண்ட ஒரு வீட்டைப் பற்றியும், அதில் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றியும் எழுதத் துணிந்தேன்.

அந்த மனிதர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்ற அளவில் நண்பர்கள் பலரும் அவரை அறிவார்கள். குமாவூன் மலைமக்கள் வாயில் அவர் பெயர் கார்ப்பெட் சாஹிப் என்றாகி, தரையில் விரிக்கும் கம்பளத்தின் பெயரோடு ஒன்றாகிவிட்டது. அந்தப் பெயரால் அவருக்குக் குறை ஒன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மாணவர்கள் பதினோரு பேர் களப்பயணமாக நைனிதாலுக்குச் சென்றோம். இரவு ரயிலேறி விடியற்காலையில் காத்கோதாமில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் மலையேற வேண்டும். சிறிய ஊர். நடுவே நீண்டு கிடக்கும் ஏரி. அதன் வடகிழக்கே ஷேர்-கா-டண்டா என்னும் மலை. தென்மேற்கே அயார்பட்டா என்னும் மலை. நாங்கள் பார்க்கப் போனது வடகிழக்கு மலையை. 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி, இரண்டு நாள் விடாது பெய்த மழையில் ஊறிப்போய் அந்த மலைச்சரிவு இடிந்து இறங்கியது. காலையில் ஒரு சிறு சரிவு ஏற்பட்டு விக்டோரியா ஹோட்டலை அடுத்த இடத்தில் சிலரைப் புதைத்தது. அவர்களைத் தோண்டி எடுக்கப் பலர் கூடினார்கள். பிற்பகலில் பெரிய சரிவு வந்து, தோண்டிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து மூடிவிட்டது. ஹோட்டல் போயிற்று, நைனா தேவி கோயில் போயிற்று, 151 உயிர்கள் மாண்டன. அவர்களில் 108 பேர் இந்தியர், 43 பேர் ஐரோப்பியர். இன்று பிள்ளைகள் பந்தாடும் ஏரிக்கரை மைதானம் அன்று சரிந்த மண்ணால் அகன்றதுதான்.

சரிந்த மலையில் பெரும்பகுதி பலகைக்கல்லும் சுண்ணக்களிமண்ணும். நீர் புகுந்தால் ஏடு ஏடாக வழுக்கும். எதிரே உள்ள அயார்பட்டா சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டுமாக இறுகியது. இரண்டுக்கும் நடுவே, ஏரியின் அடியில், நிலப்பிளவு ஒன்று ஓடுகிறது. இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி முடித்த பிறகு எங்கள் பேராசிரியர் அக்கரை மலையைக் கைகாட்டி, சரிவுக்கு மறு ஆண்டே இந்தப் பாடத்தைப் புரிந்துகொண்டு அங்கே வீடு கட்டிய ஓர் அம்மையார் உண்டு என்றார். அந்த வீடுதான் கர்னி இல்லம். அம்மையார் கார்பெட்டின் தாய் மேரி ஜேன்.

மறுநாள் காலை நாங்கள் நால்வர் ஏரியைச் சுற்றி அயார்பட்டா மேல் ஏறினோம். வீடு இப்போது தனியார் குடியிருப்பு. ஆகவே வெளியே நின்றுதான் பார்த்தோம். விக்டோரியா மகாராணி காலத்து மலைவீடுகளின் சாடை அப்படியே இருந்தது: சரிந்த தகரக் கூரை, மரவேலைப்பாடு, சுற்றிலும் மரங்கள். பிரபுக்களின் மாளிகை என்று எண்ணி வந்த நண்பர் ஒருவர், இவ்வளவுதானா என்று முகம் சுளித்தார். எனக்கு அந்த அளவே பிடித்தது. பெரிய குடும்பம் ஒன்று சிறிய வருமானத்தில் ஒண்டிக் குடியிருந்த வீடு அது.

மேரி ஜேனின் முதல் கணவர் 1857 கிளர்ச்சியைத் தொடர்ந்த சண்டையில் இறந்தார். குழந்தைகளோடு விதவையான அவர் கிறிஸ்டபர் கார்பெட்டை மறுமணம் செய்துகொண்டார். 1862இல் கிறிஸ்டபர் நைனிதால் தபால் அதிகாரியானார். தபால் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. அம்மையார் மனைகள் வாங்கி வீடு கட்டி, கோடைக்கு மலையேறும் துரைமார்களுக்கு வாடகைக்கு விட்டார். மற்றவர் வீடுகளையும் தரகராக நின்று விட்டுக்கொடுத்தார். அந்நாளில் பெண் ஒருத்தி இத்தொழிலில் இறங்குவது சிறிய காரியமன்று. முன்பு அவர்கள் குடியிருந்தது சரிந்த மலைப் பக்கத்தில். குடும்பம் தப்பியது. 1881 ஏப்ரலில் கணவர் இறந்தார். அப்போது ஜிம்முக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அவர் 1875 ஜூலை 25ஆம் தேதி நைனிதாலிலேயே பிறந்தவர். மூத்த மகன் டாம் தகப்பனாரின் தபால் வேலையை ஏற்றுக்கொள்ள, அம்மையார் அக்கரையில் எழுப்பிய கர்னி இல்லத்தில் குடும்பம் அமர்ந்தது.

கோடையில் கர்னி இல்லம். குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதூங்கி. பாதி ஆண்டு பள்ளிக்கூடமும் பாதி ஆண்டு காடுமாகச் சிறுவன் வளர்ந்தான். ஒரு குழல் வெடித்துப் பிளந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிதான் அவனுக்கு முதலில் கிடைத்த ஆயுதம். குன்வர் சிங் என்ற திருட்டு வேட்டைக்காரர் காட்டின் பாடங்களைச் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பறவை எதைக் கண்டு கத்துகிறது, மணலில் பதிந்த அடி எத்தனை நாழிகைக்கு முந்தியது என்பனவெல்லாம் அவனுக்கு எழுத்துப்போல் படிந்தன. பொறியாளராக வேண்டும் என்று ஆசை. குடும்பத்தில் பணமில்லை. பதினெட்டு வயதையொட்டி ரயில்வேயில் விறகு மேற்பார்வை வேலைக்குப் போய்விட்டார். அந்நாளில் அந்த ரயில் எஞ்சின்கள் விறகில் ஓடின.

அடுத்து வந்த இருபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தைப் பற்றிப் புலிக்கதை பேசுகிறவர்கள் சொல்வதேயில்லை. எனக்கோ அவர் வாழ்வில் அதுவே பெரிய பகுதியாகத் தோன்றுகிறது. பீகாரில் கங்கைக் கரையில் மோகாமா காட் என்ற இடத்தில், அகலப்பாதை வண்டிகளில் வரும் சரக்கை இறக்கி, ஆற்றைக் கடத்தி அக்கரை மீட்டர்பாதைக்கு அனுப்பும் வேலை நடந்தது. அவர் அதன் ஒப்பந்தக்காரர். தொடக்கத்தில் மாதக்கணக்கில் பணம் வராமல் கூலிகளும் அவரும் சேர்ந்தே பட்டினி கிடந்தார்கள். மற்றவர்களோடு அவரும் மண்வெட்டி பிடித்து நிலக்கரி அள்ளினார். ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த சமாரி என்பவர் அங்கே நிலக்கரிக் குழுவின் தலைவரானார். அவர் காலராவில் மாண்டபோது அவர் கையைப் பற்றிக்கொண்டு கார்பெட் உடனிருந்தார்.

அங்கே நடந்த ஒன்றை எழுதாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நிலைய அதிகாரி ராம் சரண் என்பவரும் கார்பெட்டும் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்தாயிற்று. மேல்சாதிப் பிள்ளைகளும் கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்ட பிள்ளைகளும் ஒரே குடிசைக்குள் உட்காரக் கூடாது என்று தடை வந்தது. பள்ளித் தலைமையாசிரியர் யோசித்தார். குடிசைக்குத்தானே தடை, கொட்டகைக்கு இல்லையே என்று சொல்லிச் சுவர்களைப் பிடுங்கி எடுத்துவிட்டார்! நான்கு கம்பும் ஒரு கூரையுமாக நின்ற கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து படித்தார்கள். இருபது பேரோடு தொடங்கிய பள்ளி இருநூறு பேராக வளர்ந்து, பிறகு சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. சுவரை எடுத்தால் வீடு கொட்டகையாகிவிடும் என்ற இந்தச் சாஸ்திரத்தை எந்தக் கட்டடக்கலை நூலிலும் நான் படித்ததில்லை.

சம்பாதித்ததில் பெரும்பங்கு கர்னி இல்லத்துக்கே போயிற்று. அங்கே தாயும், மேகி என்ற மார்கரெட்டும், தாயின் முதல் மணத்துப் பெண் மேரி டாயிலும் இருந்தார்கள். ஜிம்மும் மேகியும் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. தாய் 1924இல் காலமானார்.

இனிப் புலிகள். நண்பர்கள் காத்திருப்பது இதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுருக்கமாகவே சொல்வேன். விரிவாக அவரே எழுதி வைத்திருக்கிறார். 1907இல் சம்பாவத் பெண்புலியைக் கொல்ல அவரை அழைத்தார்கள். நேபாளத்திலும் குமாவூனிலுமாக அது 436 பேரைத் தின்றிருந்தது. அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: அறிவித்த பரிசுப் பணத்தை நீக்கிவிட வேண்டும், காட்டில் திரியும் மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காகக் கொல்கிறவன் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மோகாமா காட்டில் விடுமுறை வாங்கிக்கொண்டு வந்து அதைச் சுட்டார்.

சுட்ட பின் அவர் செய்ததைத்தான் விஞ்ஞான மாணவன் என்ற முறையில் நான் மதிக்கிறேன். அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க் கோரைப்பல் எலும்புவரை போயிருந்தது. யாரோ என்றோ சுட்ட குண்டு. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமற்போன விலங்கு மனிதரைத் தேடி வந்தது. முக்தேசர் புலிக்கு முள்ளம்பன்றியால் ஒரு கண் போய், காலில் ஐம்பது முட்கள் வரை தைத்துச் சீழ் பிடித்திருந்தன. பத்ரிநாத் யாத்திரை வழியில் எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926இல் அவர் சுட்டார். அது மனிதர்மேல் திரும்பியதற்கு அவர் கண்ட காரணம் 1918இன் விஷக்காய்ச்சல். எரிக்க ஆளின்றிப் பிணங்களின் வாயில் நெருப்புத்துண்டு ஒன்றை மட்டும் வைத்துப் பள்ளத்தாக்கில் தள்ளிவிட்ட காலம் அது. இப்படி ஒவ்வொரு கொலைகார விலங்கிடமும் காயம் எங்கே என்று தேடினார். பிறவியிலேயே கொடிய விலங்கு என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. பவல்கர் காட்டில் யாரையும் கொல்லாது திரிந்த பெரிய ஆண்புலி ஒன்றை 1930இல் அதன் அளவுக்காகவே சுட்டவரும் அவர்தான். வைசிராய் லின்லித்கோவுக்குக் காலாதூங்கியில் வேட்டை ஏற்பாடு செய்தவரும் அவர்தான். ஆனால் அதே ஆண்டுகளில் மெள்ள மெள்ளத் துப்பாக்கியை விட்டுப் படக்கருவியைப் பிடித்தார். கருவி ஓடும் சத்தம் கேட்டுப் புலிகள் விலகின. அவர் ஒரு சிற்றோடையைத் தேர்ந்து, சிறு சிறு அணைகள் கட்டி, நீர் விழும் ஓசையில் கருவியின் ஓசை அமிழும்படி செய்து படம் பிடித்தார். நம் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு யோசனை தோன்றினால் நாம் ஒரு வாரம் பெருமை பேசுவோம். 1936இல் ஹெய்லி பெயரால் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அங்கே அமைந்ததில் அவருக்குப் பங்குண்டு. அவர் மறைவுக்குப் பின் அதற்கு அவர் பெயரே இடப்பட்டது. 1973இல் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1947 நவம்பரில் கார்பெட் கர்னி இல்லத்தை விற்றார். அப்போது அவருக்கு வயது 72. மேகி அவரைவிட மூத்தவர். இருவரும் நைனிதாலை விட்டிறங்கி, பம்பாயில் கப்பலேறி, டிசம்பரில் கென்யா போய்ச் சேர்ந்தார்கள்.

ஏன் போனார்? காரணங்கள் சொல்லலாம். உறவினர் கென்யாவில் இருந்தார்கள். பக்கத்து டாங்கனீகாவில் அவருக்குக் காப்பித் தோட்டத்தில் பங்கு இருந்தது. காய்ச்சலால் உடம்பு தளர்ந்திருந்தது. தமக்குப்பின் மேகி தனியாக என்ன செய்வார் என்ற கவலை இருந்தது. அந்த ஆண்டில் பஞ்சாபில் ஓடிய இரத்தத்தைப் பார்த்து அஞ்சாதவர் யார்? இங்கே பிறந்த வெள்ளையர்களைச் சீமையிலிருந்து வந்த வெள்ளையர்கள் தாழ்வாகவே நடத்திவந்தார்கள். புதிய ஆட்சியில் தமக்கு என்ன இடம் என்றும் அவர்களுக்கு விளங்கவில்லை. எல்லாம் நியாயமே. ஆயினும் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு அவர்மேல் ஒரு வருத்தம் உண்டாயிற்று. ஒவ்வொரு புலியிடமும் காயத்தைத் தேடிய மனிதர் தம் அச்சத்தை மட்டும் வாய் திறந்து பார்க்கவில்லையே என்று தோன்றியது. குமாவூனில் எந்த மனிதன் அவரைத் தொட்டிருப்பான்? முப்பது ஆண்டுகளாக ஆட்கொல்லி வந்த ஊரெல்லாம் அவரைத்தானே அழைத்தது?

உடன் வந்த நண்பர் இதை மறுத்தார். நான் இருபத்து மூன்று வயதில் நின்றுகொண்டு எழுபத்திரண்டு வயதுக்காரருக்குத் தைரியம் சொல்வதாகக் கேலி செய்தார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

என் வருத்தத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் தகப்பனார் பிழைப்பைத் தேடித் தஞ்சை மாவட்டத்திலிருந்து வடக்கே வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். ஊர் எது என்று கேட்டால் ஐந்தாறு முறை மட்டும் பார்த்த ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்கிறேன். அப்பாவுக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. இருக்கும் வீட்டை விற்றுவிட்டு ஊரோடு போய்விடலாம் என்கிறார். முப்பது ஆண்டுகள் பழகிய அண்டை வீட்டாரை விட்டு எங்கே போவது என்கிறார் அம்மா. இரவுச் சாப்பாட்டின்போது இந்தப் பேச்சு வராத நாளில்லை. கர்னி இல்லத்தின் வாசலில் நான் அந்தப் பேச்சையும் கூடவே கொண்டுபோய் நின்றிருந்தேன் போலும்.

கென்யாவில் நியேரி என்னும் ஊரில், ஹோட்டல் ஒன்றின் தோட்டத்திலிருந்த சிறு குடிலில் அண்ணனும் தங்கையுமாக அல்ல, அக்காவும் தம்பியுமாக அவர்கள் வாழ்ந்தார்கள். அதற்குமுன் சாரணர் இயக்கத் தந்தை பேடன் பவல் வாழ்ந்த குடில் அது. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத் மரத்தின்மேல் கட்டிய விடுதியில் விலங்குகளைப் பார்க்க வந்தபோது கார்பெட் உடனிருந்தார். அந்த இரவில்தான் மன்னர் இறந்து இளவரசி ராணியானார். இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆப்பிரிக்காவைப் பற்றி அவர் எழுதிய நூல் அது ஒன்றே. அங்கே உட்கார்ந்து அவர் எழுதிய மற்றவை எல்லாம் குமாவூனையும் மோகாமா காட்டையும் பற்றியவை. இந்தியாவை என்னுடையது என்று தலைப்பிலேயே உரிமை கொண்டாடும் நூல் 1952இல் வெளிவந்தது. அதில் ராம் சரண் வருகிறார், சமாரி வருகிறார், மலைக்கிராமத்து ஏழைகள் வருகிறார்கள். அந்த ஏழைகளுக்கே அதைக் காணிக்கையாக்கினார். 1955 ஏப்ரல் 19ஆம் தேதி நெஞ்சுவலியால் இறந்தார். நியேரியில் அவரைப் புதைத்தார்கள். மேகியும் 1963இல் போய்ச் சேர்ந்தார்.

நைனிதாலிலிருந்து இறங்குகிற வழியில் காலாதூங்கிக்கும் போனோம். குளிர்கால வீடு இப்போது வனத்துறையின் அருங்காட்சியகம். அதை ஒட்டிச் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமம். 1915இல் 221 ஏக்கர் நிலத்தை வாங்கிக் குடியானவர்களை அமர்த்தி அவர் உண்டாக்கிய ஊர் அது. காட்டுப்பன்றியும் மானும் பயிரில் இறங்காதிருக்க ஊரைச் சுற்றிப் பல மைல் நீளத்துக்குக் கற்சுவர் எழுப்பிக் கொடுத்தார். புறப்படும்போது மலைமேல் வீட்டை விற்றாரே ஒழிய, இந்த நிலத்தை விற்கவில்லை, உழுதவர்களுக்கே விட்டுவிட்டார். கடல் கடந்து போன பின்னும் சாகும்வரை நிலவரியைத் தாமே கட்டிவந்தார் என்று ஊரார் சொல்லுகிறார்கள்.

சுவரில் இருந்த கற்களை நான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் உருண்ட கற்கள். சாந்து ஒன்றும் இல்லை, அடுக்கியே எழுப்பியிருக்கிறார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த கிழவர் ஒருவர் நின்று, எந்த ஊர் பேட்டா என்று விசாரித்தார். சற்றுத் தயங்கி, தமிழ்நாடு என்றேன். அங்கே புலி உண்டா என்று கேட்டார். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் உண்டு தாதாஜி என்றேன். திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டு, சுவர் ஓரமாக மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார். எங்கள் பஸ் வர இன்னும் அரைமணி இருந்தது.